மஞ்சள் டேப்புக்குள் நான்காவது இடம்

மேசை வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் மேசைச் சண்டை வந்துவிட்டது. சிம்பாங் அம்பாட்டில் எங்களுடையது மலிவு விலை வீடு. கதவைத் திறந்தால் ஹால், ஹாலைத் தாண்டினால் அடுப்படி, பக்கத்தில் இரண்டு அறைகள், அவ்வளவுதான். அந்த ஹாலில் பாதியை ஒரு சிவப்பு சோபா அடைத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அப்பாவின் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அதன்மேல் நாங்கள் காலைத் தூக்கி வைத்தாலே திட்டு விழும்.

அப்பா அதில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி சாப்பிடுவார். நானும் தம்பியும் கீழே. அம்மா அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். எல்லாரும் முடித்த பிறகு, வாஷிங் மிஷின் மூடிமேல் தட்டை வைத்து, நின்றபடியே சாப்பிட்டுவிடுவார். மிஷின் துணி பிழிகிற நேரமாக இருந்தால் தட்டு கிடுகிடுவென்று ஆடும். எனக்கும் தம்பிக்கும் அது பெரிய வேடிக்கை. இப்போது யாராவது என்னிடம், மேசையெல்லாம் எதற்கு, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று வகுப்பெடுத்தால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். உங்கள் வீட்டில் உட்கார்ந்தது யார், நின்றது யார் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு உடம்பைப் பற்றிப் பேசலாம்.

அம்மாவுக்கு ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலை. போகவர பஸ்ஸில் கைப்பேசியில், இடம் குறைவான வீடுகளில் சாப்பாட்டு மேசை போட்டிருக்கும் படங்களாகத் தேடித் தேடிப் பார்ப்பார். ஒருநாள் ஹார்டுவேர் கடையில் மஞ்சள் டேப் வாங்கிக்கொண்டு வந்தார். தையல் அளவு நாடாவை எடுத்தார், தரையில் முட்டி போட்டார், ஒட்ட ஆரம்பித்தார். ஜன்னலோரச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு கட்டம், அது மேசை. சுவர்ப் பக்கம் பெஞ்சு, அதன் அடியில் அரிசி மூட்டைக்கு இடம். இந்தப் பக்கம் முக்காலிகள். மேசைக்கு மேலே விளக்கு தொங்கும் என்றார். விளக்குக்கு எங்கே டேப் ஒட்டுவது என்று கேட்டேன். அண்ணாந்து பார்த்து, விரலை நீட்டி, "அங்க" என்றார். எனக்கு விளக்கு நன்றாகவே தெரிந்தது.

"எங்க பேக்டரில மிஷின் வர்றதுக்கு முன்னாடியே தரையில டேப்பு ஒட்டிருவாங்க. ஒட்டிட்டா அது மிஷினோட எடம். வேற யாரும் எதையும் வைக்கக்கூடாது," என்றார் அம்மா. அந்த நிமிடமே நான் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன்.

பிரச்சினை என்னவென்றால், அம்மா ஒட்டிய நான்காவது இருக்கை சோபாவுக்கு அடியில் போய் முடிந்தது. வேலை முடிந்து வந்த அப்பா நேராக நடந்து ஹாலைக் கடந்தார். "அப்பா, மேசை மேல நடக்குறீங்க," என்றேன். அப்பா கீழே பார்த்தார், சோபாவைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கணக்குப் போட்டே பேசுவார்.

"மூணு பேருக்குப் போடு லா. மேசையும் இருக்கும், சோபாவும் இருக்கும். முடிஞ்சு போச்சு."

"நாலு," என்றார் அம்மா.

"நாலாவது யாருக்கு?"

அம்மா சோபா ஓரத்து டேப்பை இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தார். நானும் எண்ணிப் பார்த்தேன். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அப்பா, நான், தம்பி. அப்பா சொல்வதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

மறுநாள் அப்பா கிளம்பிய பிறகு அம்மா சோபாவைத் தள்ளினார். நாங்களும் சேர்ந்து தள்ளி, முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். சாயங்காலம் வந்த அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தைக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவே புலாவ் செபாங் போய் அத்தையைக் காரில் அழைத்து வந்தார். இறங்கியதும் அத்தையின் கண்ணில் பட்டது சோபாதான். அதன்மேல் பக்கத்து வீட்டுப் பூனை படுத்திருந்தது.

"நான் வாங்கிக் குடுத்தது வெயில்ல காயுதா?" என்றார் அத்தை.

"ஆமா அண்ணி. வேணும்னா உங்க வீட்டுக்கு எடுத்துக்குங்க," என்றார் அம்மா. அம்மா அத்தையிடம் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அத்தை உள்ளே வந்து, இடுப்பில் கை வைத்து, டேப்பை மேலும் கீழும் பார்த்தார். "நாலு எடம் எதுக்கு? இன்னும் கொஞ்ச நாள் போனா உன் மகளும் உன்கூட நின்னு பரிமாறப் போறா. அப்ப ரெண்டே போதும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரண்டி பிடிக்கிற அளவுக்கு வளரப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை மட்டும் ஏனோ சரியில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தேன்.

மதியம் கோழிப் பிரட்டல், ரசம், பயற்றங்காய். அம்மா எல்லாப் பாத்திரங்களையும் தூக்கி வந்து டேப் மேசையின் நடுவில் வரிசையாக வைத்தார். அப்பாவும் நாங்களும் அவரவர் கட்டத்தில் உட்கார்ந்தோம். அத்தை வழக்கம்போல் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றார். அம்மா கையைக் கழுவினார், தன் தட்டை எடுத்து வந்தார், நான்காவது கட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தனக்குச் சோறு போட்டுக்கொண்டார்.



"அவனுக்கு ரசம் ஊத்தல?" என்றார் அத்தை.

"கைக்கு எட்டும் அண்ணி. அளந்துதான் ஒட்டியிருக்கேன்." அம்மா தலையைத் தூக்கவில்லை. சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் விரல்கள் சூட்டுக்குப் பழகாமல் தயங்கித் தயங்கிப் பிசைந்தன.

அப்பா ரசத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அம்மாவையும் பார்த்தார். கடைசியில் கையை நீட்டினார். எட்டியது.

அத்தை நின்றுகொண்டே இருந்தார். சூப்பர்வைசரான எனக்குப் பாவமாகிவிட்டது. "அத்தை, இங்க நாலு பேருக்குத்தான் எடம். நீங்க வாஷிங் மிஷின்ல வச்சு சாப்பிடுங்க. அம்மா எப்பவும் அங்கதான் சாப்பிடுவாங்க," என்றேன்.

அத்தை திரும்பி வாஷிங் மிஷினைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கரண்டியை அதன்மேல் வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டி மேலிருந்த டேப் சுருளை எடுத்தார். பல்லால் கடித்துக் கிழித்தார். என் தம்பியை ஒரு ஓரமாக நகர்த்தி, தரையில் ஒரு கட்டம் ஒட்டி, அதற்குள் உட்கார்ந்தார்.

"கோணலா இருக்கு அத்தை. நீங்க அளக்கவே இல்ல," என்றேன். அம்மா சோற்றுப் பானையை அத்தை பக்கம் தள்ளி வைத்தார். அத்தை விரலில் ஒட்டிய டேப் துண்டைக்கூட எடுக்காமல் சோறு போட்டுக்கொண்டார்.

பிறகு தச்சர் வந்தபோது, அம்மா அந்தக் கோணல் கட்டத்தையும் சேர்த்தே அளக்கச் சொன்னார். எப்போதாவது வருகிற அத்தைக்கு எதற்குத் தனியாக ஓர் இடம் என்று நான் வாதாடினேன். புலாவ் செபாங்கில், அவருடைய வீட்டில், அத்தை எதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.