அண்ணியைக் கைகழுவச் சொன்ன அக்கா

போன மாதம் என் அத்தான் நடராஜனுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் குடலிறக்க ஆபரேஷன். வலங்கைமான் பக்கம் நெல் விவசாயம் பார்க்கிறவர். குறுவை அறுப்பை முடித்துவிட்டுத்தான் வந்து படுத்தார்.

சின்ன ஆபரேஷன்தான். ஆனால் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, காய்ச்சல் தூக்கி அடித்தது. சீழை லேபுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட்டோடு வந்த டாக்டரம்மா முகத்தில் சிரிப்பில்லை.

"ஆஸ்பத்திரியிலயே குடியிருக்கற கிருமிங்க இது. வழக்கமா குடுக்கற மருந்து எதுவும் கேக்காது. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதைப் போட்டுப் பாப்போம்."

துணைக்கு என்னோடு நின்ற அக்கா வனஜா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அத்தானுக்கோ அந்த நிலையிலும் ரோஷம்!

"நான் மாத்திரையே போடாத ஆளுங்க. எனக்கு எப்படி மருந்து கேக்காமப் போவும்?"

"உங்களுக்கு இல்லைங்க, கிருமிக்கு. மருந்தை உடைக்கற வித்தை அதோட ஜீன்ல இருக்கு. அந்த ஜீனை நகல் எடுத்து, பக்கத்துல இருக்கற கிருமிக்கும் குடுத்துடும்."

"அதோட அண்ணன் தம்பிக்கா?"

"அதோட நின்னாத்தான் பரவாயில்லையே! வேற சாதிக் கிருமிக்கும் குடுக்கும்."

சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பம் அத்தானுடையது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

'சளிக்கு ஸ்டிராங்கா ரெண்டு மாத்திரை குடுங்க' என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டுக் கேட்டு நாம் வளர்த்துவிட்ட கிருமிகள்தான் இவை. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் பெரும்பாலும் நம் கையில் ஏறித்தான் போகின்றனவாம். அதனால் அத்தானுக்குத் தனி ரூம். யார் வந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

நடக்கிற காரியமா? நாம் நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலிலேயே உட்காருவோம், நெற்றியைத் தொடுவோம், போர்வையை விலக்கித் தையலையும் பார்ப்போம்... 'எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்படித்தான்' என்று செத்துப்போனவர் கதையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டோம்!

மறுநாள் அத்தானின் மூத்த அக்கா மங்களம் அம்மாள் வந்தார். குடும்பத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். என் அக்கா கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரில் சத்தமாகத் தும்மியதுகூட இல்லை. ஒரு கையில் விபூதிப் பொட்டலம், மறு கையில் ஃபிளாஸ்க்... நேரே கதவைத் தள்ளினார்.

அக்கா குறுக்கே நின்றாள்.

"கையக் கழுவிட்டு உள்ள வாங்க அண்ணி."

"என்னது?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. போறப்பவும் கழுவணும்."

"நான் தூக்கி வளத்த தம்பிடி அவன்! என்னையே கைகழுவச் சொல்றியா?"

காரிடாரே திரும்பிப் பார்த்தது. ஆனால் அக்கா நகரவில்லை.

"இருக்கறது ஒரே மருந்து அண்ணி. அதுவும் கேக்கலைன்னா... நான் எங்க போவேன்?"

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

மங்களம் அம்மாள் அவளையே பார்த்தார். பிறகு ஃபிளாஸ்க்கை என்னிடம் திணித்தார். வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். உள்ளே போனவர் கட்டில் பக்கமே போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

மருந்து கேட்டது. காய்ச்சல் மெல்ல இறங்கி, புண் ஆறி, அத்தான் வீட்டுக்குப் போனார். துணைக்கு மங்களம் அம்மாளும் அங்கேயே தங்கிவிட்டார்.

நேற்று அத்தான் போன் செய்தார். குரலை ரொம்பத் தாழ்த்தி...

"வயக்காட்டுப் பக்கம் போவலாம்னா வனஜா விடமாட்டேங்குறா. எங்க அக்காகிட்ட சொன்னா, 'அவ சொல்றதக் கேளுடா'ங்குது. ரெண்டும் ஒண்ணு சேந்துடுச்சும்மா... இதுக்கு அந்த டாக்டரம்மாகிட்ட ஏதாவது மருந்து இருக்கா?"