கையுறையில் சிவந்த கறை

கனடாவுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும், கைக்குப் போடும் துணியைத் துவைப்பது எனக்கு விநோதமாகவே இருக்கிறது. காஞ்சிபுரத்தில் கை அழுக்கானால் கையைக் கழுவுவோம். இங்கே குளிருக்குக் கை உறைக்குள் ஒளிந்துகொள்கிறது. அதற்கு என்ன ஆனதென்று பெற்றவளுக்கும் தெரிவதில்லை.

சென்ற வாரம் என் மகன் கதிரின் வெள்ளைக் கம்பளிக் கையுறையில் ஒரு பழுப்புத் திட்டு. அவனுக்குப் பதினாறு வயது. "பர்கர் சாஸ்" என்று சொல்லிவிட்டு, பழைய கையுறையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டான். நான் நம்பவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் பனியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேர் அவனைத் தள்ளி மிதித்தார்கள் என்பது பள்ளியிலிருந்து போன் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

வாசல் கதவருகே வாளி வைத்து, கையுறையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கறை சிவந்தது. தேய்க்கத் தேய்க்கத் தண்ணீரும் சிவந்தது. ரத்தம்தான் என்று முடிவுகட்டினேன். அந்த நேரம் பார்த்து, தவறுதலாகத் தன் வீட்டுக்கு வந்த எங்கள் கடிதம் ஒன்றைக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தாள். வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வீட்டில் எல்லோரும் பத்திரமா?" என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை கேட்டாள். "ஃபைன், ஃபைன்" என்று கதவைச் சாத்தினேன். அது பரிவா, போலீசுக்குச் சொல்வதற்கான விசாரணையா? காஞ்சிபுரத்தில் என்றால் எதிர்வீட்டுக்காரி வாளிக்குள் கையை விட்டு முகர்ந்தே பார்த்திருப்பாள். எனக்கு நாலு வசவு கிடைத்திருக்கும், சந்தேகம் மிஞ்சியிருக்காது.

ஊரில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் தங்கை செல்விக்கு வீடியோவில் வாளியைக் காட்டினேன்.

"சோப்பு போட்டியாக்கா? செவக்கத்தான் செய்யும். ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்தா செவக்குதில்ல? அங்க போயி அதையும் மறந்துட்டு உக்காந்துக்கினு இருக்கியா? ஓரத்துல எலுமிச்சம்பழம் தேய்ச்சிப் பாரு."

தேய்த்தேன். சிவப்பு மஞ்சளாயிற்று.

"பாத்தியா, வெறும் மஞ்சத்தூளுக்குப் போயி அழுதுக்கினு இருக்கியே. அலசி வெயில்ல போடுக்கா, தானா போயிடும்."

"வெயிலுக்கு நான் எங்கடி போறது?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு, அலசுவதற்காகக் கையுறையை உள்பக்கம் திருப்பியபோது சிரிப்பு நின்றது. வெளியே இருந்ததைவிட உள்ளேதான், உள்ளங்கைப் பக்கம், கறை அடர்ந்திருந்தது. தின்பது கையுறைக்குள் சிந்தாது. சமையலறையில் மஞ்சள்தூள் டப்பாவின் மூடி சரியாக மூடப்படாமல் இருந்தது. சின்ன வயதில் அவன் விழுந்து வரும்போதெல்லாம் காயத்தில் மஞ்சள் குழைத்துப் பூசியவள் நான். என்னிடமிருந்து மறைக்க என் வைத்தியத்தையே செய்துகொண்டிருக்கிறான். அதன் பிறகு வாளியைக் கொட்டக்கூடத் தோன்றவில்லை.

மாலையில் வந்தவன் வாளியைப் பார்த்ததும் வலது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டான். நான் கையை நீட்டினேன். தயங்கிக் கொடுத்தான். உள்ளங்கையில் நீளமாக ஒரு காயம், மேலே மஞ்சள் காய்ந்து.

"யாருடா?"

"யாருமில்லம்மா. வேலிக் கம்பியில கிழிச்சிக்கினேன்."

"காலையில சாஸ்னு சொன்ன."

"சொன்னா நீ பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிப்ப. அப்புறம் நான் எப்பிடிம்மா அங்க நிக்கறது?"

கம்பியாகவும் இருக்கலாம். போன முறை பனியாக இருந்தது.

ஊரில் என்றால் இவனை வாசலில் நிறுத்தி, ஆரத்தி சுற்றித் தெருவில் கொட்டியிருப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வாளியையே தூக்கி, அவனுக்கு நேரே மூன்று சுற்று சுற்றினேன்.

"அது சோப்புத் தண்ணிம்மா" என்றான். ஆனாலும் நகராமல் நின்றான்.

கதவைத் திறந்தேன். வாசலெங்கும் புதிதாகப் பெய்த பனி. பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. அந்த வெள்ளையின் மேல் இந்தச் சிவப்பைக் கொட்டினால் அவள் என்ன நினைப்பாள்? வாளியை உள்ளே இழுத்துக்கொண்டேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குளியலறைத் தொட்டியில் ஊற்றி, சிவப்பு போகும்வரை குழாயைத் திறந்துவிட்டேன்.