வெள்ளத்துக்கு முதல் கேட்ட என்ர குரல்

சிரிக்கிறதெண்டால் இப்பவே சிரிச்சு முடியுங்கோ. ராவிலயும் சுடலையடியால சைக்கிள் உழக்கி வேலைக்குப் போய்வந்தவன் நான், இப்பிடிக் கதை ஆரும் துவங்கினால் எழும்பிப் போயிடுவன்.

தொண்ணூறுகளின்ர நடுவில, கிளிநொச்சிப் பக்கம் ஒரு பிரதேச சபையில தொழிலாளியா இருந்தனான். மாரிக்கு முதல் வெள்ள ஆயத்தக் கூட்டம் எண்டு வைப்பினம். வடை, தேத்தண்ணி, பேச்சு. களஞ்சியத்தில எல்லாம் தயார் எண்டு செயலாளர் சொன்னார், எல்லாரும் தலையாட்டிச்சினம்.

குளம் நிரம்பி வான் பாயத் துவங்கின அண்டு பின்னேரம்தான் அந்தக் களஞ்சியத்தைத் திறந்தன். நிவாரண மா புழுத்து, கயித்துச் சுருளுக்குள்ள எலி செத்து நாறி, கூடாரம் அடிக்கிற படங்குகள் ஒண்டுமில்லை. அதுகள் செயலாளற்ற மாட்டுக்கொட்டிலுக்கு மேல கிடந்தது ஊருக்கே தெரியும். ஒலிபெருக்கி ஒண்டு இருந்தது, பற்றரி இல்லை. அந்த நேரம் அரசாங்கம் தடை போட்டு வன்னிக்குள்ள பற்றரி வர விடுறேல்லைத் தானே. செயலாளரிட்டச் சொன்னன்.

"பற்றரி இல்லாட்டி என்ன, வாயால கத்தன்" எண்டார்.

ஆத்துக்கு அங்கால பள்ளக் காணியில மலையகத்தில இருந்து வந்த சனம் குடியிருந்தது. சைக்கிளை மிதிச்சுப் போனால் பாலம் தண்ணிக்குள்ள. மழை இரைச்சலில கத்தி ஆருக்குக் கேக்கும்? அதுகள் செத்துதுகள் எண்டு நினைச்சுக்கொண்டு வெள்ளத்துக்குச் சனத்தைச் சேர்க்கிற பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினன்.

நம்பினால் நம்புங்கோ, அந்தச் சனம் முழுக்க அங்க நிக்குது. நனைஞ்ச பிள்ளையளோட, பானை சட்டியளோட. குளக்கட்டால சுத்தி வந்திருக்கினம். ஆர் சொன்னது எண்டு கேட்டன். லெட்சுமி எண்ட பொம்பிளை என்னை வடிவாப் பார்த்தா.

"நீங்கதானேங்க ஒலிபெருக்கியில கூப்புட்டீங்க. ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லி."

அவை குரல் கேட்டதாச் சொன்ன நேரம் நான் களஞ்சியத்துக்குள்ள மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டனான்.

லெட்சுமியின்ர புருசன் முத்தையா மட்டும் வரேல்லை. தன்ர பேரைக் கூப்பிடேல்லை, தான் மாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன் எண்டு நிண்டிட்டாராம். பொழுதுபட முதல் வெள்ளம் அந்தக் குடியிருப்பை வழிச்சுக்கொண்டு போட்டுது. தண்ணி வத்தினாப் பிறகு வயலுக்குள்ள இருந்து அவரை நான்தான் தூக்கினன். செயலாளர் வரம்பில லேஞ்சியால மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டார்.

அடுத்த கூட்டத்தில, சபையின்ர அறிவித்தலால சனம் தப்பினதாம் எண்டு அந்த மனிசன் சொல்ல, கை தட்டுகினம். எனக்கு முன்னால திரும்ப வடை. வெளியில போய்ச் சத்தி எடுத்தன்.

லெட்சுமி இப்ப விசுவமடுவில இருக்கிறா. சந்தையில கண்டால் இப்பவும் கேப்பா, கோவமில்லாமல்தான்: "எல்லாரையும் கூப்புட்டீங்க. எங்க வீட்டுக்காரர ஏன் விட்டீங்க?"

முத்தையா சபைக்குக் கூலி வேலைக்கு வந்துபோறவர். அந்தக் குடியிருப்பில எனக்குப் பேர் தெரிஞ்சிருந்த ஒரே ஆள் அவர்தான்.