பேரீச்சம்பழத்துக்குப் போன மருந்துப் பாட்டில்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் அப்பாவின் இளைப்புக்கு மருந்து வாங்குவது என் வேலை. சென்ற அறுவடையின்போது, குத்தாலம் கடைத்தெருவில் புதிதாக வந்த கடையில் பில் இல்லாமல் விலை குறைத்துக் கொடுத்தார்கள். கம்பெனிப் பெயர், காலாவதித் தேதி எல்லாம் படித்துத்தான் வாங்கினேன்.

"மூடி திருகறப்ப வளையம் அறுபடற சத்தமே வரலையேடா" என்றார் அப்பா. நான் பொருட்படுத்தவில்லை. மருந்து குடித்தும், மாலையில் மூச்சு முட்டிப் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் முகம் தெளிந்தது.

பாட்டிலை முகர்ந்த டாக்டர், "இதுல மருந்து வாசனையே இல்லையே தம்பி" என்று சொல்லி, சோதனைக்கு அனுப்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

லேபிள் நிஜமாக இருக்க, உள்ளே வேறு சரக்கு எப்படி வந்தது?

அடுத்த வாரம், பழைய சாமானுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் வந்தார். அம்மா காலி மருந்துப் பாட்டில்களை நீட்டினார்.

"லேபிள் கிழியாம, மூடியோட இருந்தா ஒரு கை கூடப் போடறேன்க்கா."

"காலிப் பாட்டிலுக்கு லேபிள் எதுக்குங்க?" என்றேன்.

"எனக்கென்ன தம்பி தெரியும்? வாங்கறவங்க கேக்கறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இப்படிக் கொடுத்த பாட்டில்தான் போலிச் சரக்கு நிரப்பப்பட்டு எங்களிடமே திரும்பி வந்ததோ?

இப்போது பில் கேட்டு வாங்குகிறேன். மூடியின் வளையம் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். திறப்பது அப்பாதான், சத்தம் வந்தால்தான் குடிப்பார். காலியானதும் லேபிளைக் கிழித்து, மூடியை நசுக்கிவிடுகிறேன்.

"ஒரு கை பழம் போச்சு" என்று அம்மா முணுமுணுப்பார்.

"போனா போவுது, எனக்கு மூச்சு இருக்குல்ல" என்பார் அப்பா.