மாப்பிள்ளை வாட்ச்சின் மஞ்சள் பூச்சு

கடலூர் முதுநகரில் பவானி என்றால் யாருக்கும் தெரியாது. வாட்ச் செயின் கழுவுகிற பவானி என்றால் நாலு தெருவுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். கடையை மூடியபோது, கண்ணாடி கழுவுகிற மிஷினை முதலாளி அவளிடமே கொடுத்துவிட்டார். தொட்டியில் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு. சுவிட்சைப் போட்டால் உய்யென்று ஓர் அதிர்வு. கண்ணிக்குக் கண்ணி அடைந்திருக்கும் வேர்வை அழுக்கெல்லாம் புகை மாதிரி வெளியே வரும். புருஷன் போன பிறகு அந்த உய்தான் அவள் வீட்டு அடுப்பை எரியவைத்தது.

2009 ஆவணியில் பின்தெரு ரத்தினம்மாள் வந்தாள். வாய்க்குப் பூட்டே கிடையாத மனுஷி. "எம் புள்ளைக்கு சம்பந்தி போட்ட வாட்சு. தங்க முலாம். நாளைக்கி ஒரு கல்யாணத்துக்கு கட்டிக்கினு போவணும். நாலு மணிக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டுப் போனாள்.

பூச்சுப் போட்ட செயின் என்றால், ஓரக் கண்ணியைப் பஞ்சால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பவானி தண்ணீரில் போடுவாள். அன்றைக்குப் பார்க்கவில்லை. வாட்ச் வந்த கம்பெனி டப்பாவைப் பார்த்து ஏமாந்தாள், வேறென்ன. வாட்சைத் தனியே கழற்றி வைத்து, செயினை மட்டும் இறக்கினாள். மூன்றாவது நிமிஷம் மஞ்சள் செதில் மிதந்தது. பதறிப்போய்த் தூக்கினாள். பாதிச் செயின் வெள்ளை வெளேரென்று பல்லை இளித்தது.

கம்பெனி முலாம் இப்படி உரியாது. வெறும் ஸ்டீல் வாட்சை வாங்கி, சிதம்பரத்தில் கவரிங் பூச்சுக் கொடுத்து, மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டிருக்கிறார் பெண்ணைப் பெற்றவர். இதைச் சொன்னால் பவானி தப்பிப்பாள். ஆனால் மருமகள் சிந்துஜா? கொலுசு எடை குறைந்ததற்கே அந்த வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள், அதுவும் ஐந்து மாதக் கர்ப்பிணி. சொல்லாவிட்டால் மிஷினை மூட்டை கட்ட வேண்டியதுதான். முகம்கூடத் தெரியாத அந்தச் சம்பந்தி மேல் பவானிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷனுக்காக நான் ஏன் சாக வேண்டும்? மணி மூன்றரை ஆகியிருந்தது.

நாலுக்கு ரத்தினம்மாள் வந்தாள். பின்னால் சிந்துஜாவும் வந்தாள். செயினைக் கண்டதும் அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"என்னாடி இது?" என்றாள் ரத்தினம்மாள்.

பவானி சிந்துஜா பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு எம்மேலதான்க்கா. மிஷின்ல சூடு ஜாஸ்தியாயிடுச்சி. நல்ல முலாம், நாந்தான் கெடுத்துட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ரத்தினம்மாள் கேட்டாள். தெருவே கூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வாசலை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மிஷின் மேல் துணி போர்த்திவிட்டு, பவானி இட்லி மாவு அரைத்து விற்றாள். சில நாள் மாவாட்டிக்கொண்டே அழுதாள்.

ஐப்பசி மழையில் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். "குமராட்சிலேர்ந்து வர்றேம்மா. பேரு சடையப்பன். சிந்துஜாவோட அப்பா."

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையிலிருந்த பழைய வாட்சைக் கழற்றி நீட்டினார்.

"இத கழுவிக் குடும்மா. மவ வீட்டுக்குத்தான் போறேன். யாரு கழுவுனதுன்னு கேட்டா, ஒம் பேரத்தான் சொல்லுவேன்."

பவானி வாங்கி, பழக்கத்தில் பஞ்சைத் தேடினாள்.

"பாக்க வேணாம்மா, பயப்படாம போடு" என்றார் சடையப்பன், தலையைக் குனிந்துகொண்டே. "இது வெறும் ஸ்டீலுதான்."