அத்தை ஆடிய அழுகுணி ஆட்டம்

எங்கள் வீட்டில் ஆட்டத்துக்குச் சட்டம் போடுகிறவள் நான்தான். எண்பதுகளின் நடுவில், ஒன்பது வயதில், எனக்கு இருந்த கண்டிப்பு எந்த அம்பயருக்கும் இருந்திருக்காது. பகடை சாய்ந்து நின்றால் மறுபடி உருட்டச் சொல்வேன். அழுதால் ஆட்டத்தை விட்டே தூக்கிவிடுவேன். தம்பிக்கு என்மேல் அவ்வளவு ஆத்திரம்.

அந்த வருஷக் காலாண்டு லீவில், பெங்களூர் ஹாஸ்டலில் படித்த பெரியப்பா மகன் ஒரு புது விளையாட்டோடு வந்தான். கட்டம் போட்ட தாளில் ஒரு குகை. அதற்குள் பூதம், புதையல், கத்தி, மந்திரம் எல்லாம் உண்டு. பகடை உருட்டி உள்ளே போக வேண்டும். அவன் நாலே நாளில் கிளம்பிவிட்டான், விளையாட்டு எங்களிடம் மாட்டிக்கொண்டது. பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை ஒன்று இருந்தது. பட்டுக்கூடெல்லாம் விற்றுப்போய் அப்போது காலியாகக் கிடந்தது. அதன் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் குகையைப் பெரிதாக வரைந்து, காய்களுக்குப் பதில் நாங்களே கட்டங்களில் நின்றோம்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தூக்க மந்திரம்தான். பூதம் புகையை ஊதும். பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் நீங்கள் தூங்கிப்போனீர்கள். நின்ற கட்டத்திலேயே படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நகரக் கூடாது, பேசக் கூடாது, பக்கத்துக் கட்டத்துக்காரனைப் பூதம் கடித்துத் தின்றாலும் காதில் விழக் கூடாது. உங்கள் முறை வந்தால் வேறொருவர் உங்களுக்காகப் பகடை போடுவார். ஆறு விழுந்தால் விழிப்பு. விழாவிட்டால் மூன்று சுற்று முடிந்ததும் மந்திரம் தானாகக் கலைந்துவிடும். நடுவில் யார் கூப்பிட்டாலும் உலுக்கினாலும் எழக் கூடாது. ஆனால் அடி விழுந்தால் அந்த நிமிஷமே எழுந்துவிட வேண்டும். தூங்குகிறவர்மேல் விழும் அடிக்கு இரட்டைக் கணக்கு, அது வேறு.

அப்போது அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். அத்தையைத் தொப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு மாசத்துக்கு முன்னால் உதடு கிழிந்து, மாற்றுச் சேலைகூட இல்லாமல் ஒரு லாரியில் வந்து இறங்கினாள். மாமா குடித்துவிட்டு அடிக்கிறார் என்பது எங்களுக்கே தெரியும். பெரியவர்கள் தினமும் பேசினார்கள். கடைசியில் அப்பா முடித்துவிட்டார்: "வெள்ளிக்கிழம நானே கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடறேன். எந்த வூட்டுலதான் நடக்கல? அனுசரிச்சுப் போவட்டும்." அத்தை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கொட்டகைக்கு வந்து, தானும் ஆடுவதாகச் சொன்னாள். பெரியவர்கள் யாரும் எங்களோடு ஆடியதே இல்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நான் சட்டங்களை வரிசையாக ஒப்பித்தேன். தூக்கத்துக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"கூப்புட்டா எந்திரிக்க வேணாமா?"

"வேணாம் அத்தை. அடிச்சா மட்டுந்தான் எந்திரிக்கணும்."

"அடிச்சா முழிப்பு வரும், அது நெசந்தான்" என்று சிரித்தாள். "பகடையெல்லாம் வேணாம் கண்ணு. என்னை நேராத் தூக்கத்துல போட்டுடு."

சட்டப்படி தப்புதான். அத்தையாயிற்றே என்று விட்டுக்கொடுத்தேன். மூலைக் கட்டத்தில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா களத்திலிருந்து, "உங்க அத்தை எங்கடி?" என்று குரல் கொடுத்தாள். "தூங்குறாங்கம்மா, எழுப்பக் கூடாது" என்று கத்தினேன். "பாவம், தூங்கட்டும்" என்று அம்மா போய்விட்டாள். என் காவலில் எனக்கே பெருமை.

மூன்று சுற்று முடிந்தது. அத்தை எழவில்லை. நாலாவதில் ஆறே விழுந்தது, அப்போதும் எழவில்லை. தம்பி ஒரு மல்பெரிக் குச்சியால் அவள் கணுக்காலில் ஒன்று போட்டான். நான் பிடுங்கி இன்னும் ஓங்கிப் போட்டேன். அசைவே இல்லை. எனக்கு வந்ததே கோபம்! நேரே அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அத்தை அழுகுணி ஆட்டம் ஆடுதும்மா! அடிச்சாக்கூட எந்திரிக்க மாட்டேங்குது!"

"அத்தையை அடிச்சியாடி?" என்று கையை ஓங்கிய அம்மா அப்படியே நின்றாள். பிறகு முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அத்தை எதையோ விழுங்கிவிட்டுத்தான் ஆட வந்திருக்கிறாள். பால் வண்டியில் போட்டு தர்மபுரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னாராம். ஊரே என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அத்தை மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: பெரிய மனுஷியை ஏமாற்றுக்காரி என்று காட்டிக்கொடுத்துவிட்டேன்.

இதற்குப் பிறகாவது அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அனுப்பினார்கள். மாமா வந்து அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், போதாதா!

பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாமா டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கம்பியைப் பிடித்து எம்பி, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்: "அத்தை, அன்னிக்கு அம்மாகிட்ட சொன்னது தப்புதான். இனிமே சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அத்தனை நாளுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டு, "சரி சாமி" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பாடா, மன்னித்துவிட்டாள் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தை மாசம் தொப்பூரிலிருந்து ஆள் வந்து, அத்தை மறுபடியும் எதையோ விழுங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "உங்கிட்டயாவது எதாச்சும் சொன்னாளாடி?" என்று என்னை உலுக்கினாள். சத்தியம் சத்தியம்தான் என்று நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். பஸ் ஜன்னலில் அத்தைக்கு நான் எதற்குச் சம்மதம் சொல்லி அனுப்பினேன் என்பது அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.