கடித்துப் பதம் சொன்ன பல்

டில்லியில் முடிசூட்டு விழா நடந்ததே, அதற்கு அடுத்த வைகாசி. வள்ளியூரில் ஒரு கருப்பட்டி மண்டியில் எனக்கு வேலை. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றுவட்டாரத்தில் பனையேறிகள் வீட்டில் காய்ச்சும் கருப்பட்டி ஓலைச் சிப்பங்களில் மண்டிக்கு வரும். சிப்பத்துக்கு ஒன்றை உடைத்து, ஒரு துண்டைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பேன். நறுக்கென்று முறிந்தால் பதம் சரி. பல்லில் ஒட்டினால் அந்தச் சரக்கு மழைக்காலம் தாங்காது. பிறகு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிப் பைய கரையவிட்டால், பதநீரில் சேர்த்த சுண்ணாம்பு கூடியிருக்கிறதா என்று நாக்கு சொல்லிவிடும். நடுவில் வாய் கொப்பளிக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் நாக்கு மந்தமாகிவிடும் என்று மண்டியில் எல்லோரும் நம்பினோம். காலையில் ஒதுக்கிய இனிப்பு சாயங்காலம் வரை வாயிலேயே கிடக்கும். இப்படிப் பதினெட்டு வருஷம்.

அந்த வருஷம் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் குழி விழுந்து வலி எடுத்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு பதம் பார்ப்பவனை எந்த வியாபாரி நம்புவான்? வலது பக்கமாகக் கடித்துச் சமாளித்தேன். வீட்டில் மட்டும் தெரியும். என் மனைவி கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொன்னாள். பல்லுக்குள் இருக்கும் புழு செத்து விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புழு விழவில்லை; கன்னம் வீங்கியது. உடனே பச்சரிசி மாவைக் களியாகக் கிண்டி, பொறுக்கிற சூட்டில் கன்னத்தில் வைத்துக் கட்டினாள். மூன்று நாள் கட்டினோம். வலி குறைந்த மாதிரி இருந்ததால் இரண்டு பேருக்கும் சந்தோஷம். வீக்கம் கன்னத்தை விட்டுத் தாடைக்கு அடியில் இறங்கியதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் காய்ச்சல் கொதிக்க, முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டிக்குப் போனேன். முதலாளி பார்த்ததும் கேட்டார்.

"என்ன வே, பாதிச் சிப்பத்தைக் கன்னத்துல ஒதுக்கிட்டீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை.

அன்று சரக்கு எடுக்கக் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் வந்திருந்தார். கொழும்புக்குக் கருப்பட்டி ஏற்றுகிறவர். பேரத்தில் ரொம்பக் கறார். அவர் எதிரே பதம் சொல்லவே எனக்குப் பயம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து துண்டை விலக்கி, தாடைக்கு அடியில் விரலால் அழுத்திப் பார்த்தார். தொட்ட இடம் மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்ததில் முகம் சுளித்தார்.

"நாக்கை நீட்டும் வே, பாப்போம்."

நீளவில்லை. நாக்குக்கு அடியில் ஏதோ மேடாக எழும்பி அதை அண்ணத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டுக்கொண்டு நின்றேன். வேறு வழியில்லாமல் கன்னத்தின் மேலேயே பல் இருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கொழும்பில் அவர் தம்பிக்கும் இப்படித்தான் ஒரு பல்லில் ஆரம்பித்ததாம். அவர்களும் வெளியே பற்றுப் போட்டுக்கொண்டே இருந்தார்களாம். வீக்கம் நாக்குக்கு அடியில் வந்த மறுநாளே மூச்சு அடைத்து மவுத்தாகிவிட்டானாம்.

"இது பல்லு வலி இல்ல வே. கழுத்தை நெரிக்க வருது. வண்டில ஏறும்."

எடை பாதியில் நிற்கிறது, தூத்துக்குடியில் தோணி காத்திருக்கிறது என்று முதலாளி பதறினார்.

"கருப்பட்டி இங்கனயே கெடக்கும் அண்ணாச்சி. மனுசன் கெடக்க மாட்டாரு."

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து மைலுக்குக் குறையாது. அவருடைய வில்வண்டியில் அவரே முன்னால் உட்கார்ந்து மாடுகளை விரட்டினார். வழியில் வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொண்டோம். சாய்ந்தால் மூச்சு முட்டியது; அதனால் அவள் என்னை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். நாங்குநேரி தாண்டியதும் ஒரு மாடு நொண்ட ஆரம்பித்தது. எதிரே ஒரு வெற்று வண்டி வந்தது. வியாபாரி குதித்து நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த வண்டிக்காரர் முதலில் திட்டினார். பிறகு உள்ளே எட்டி என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் தன் மாடுகளை அவரே அவிழ்த்து எங்கள் வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத மனிதர்! அந்த மாடுகள் பறந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஒவ்வொரு மூச்சும் ஊதல் சத்தத்தோடு வந்தது. டாக்டர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுபோகும், பொறுத்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்லி, தாடைக்கு அடியில் கத்தியை வைத்தார். உயிர் போய் வந்தது. நாற்றமெடுத்த சீழ் கிண்ணத்தில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் நாக்கு இறங்கியது. தொண்டைக்குள் காற்று தடையில்லாமல் ஓடியது! வெறும் காற்றுக்கு அப்படி ஒரு ருசி உண்டென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்காரி சுவரோரம் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். வெளியே வராந்தாவில் காயல் வியாபாரி தொழுதுகொண்டிருந்தார்.

புகை பிடித்த கதையை வீட்டுக்காரி டாக்டரிடம் சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் வாய் திறந்ததும் அவர் அந்தப் பல்லைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"எங்க, உம்ம புழுவைத் தேடி எடும் பாப்போம்."

ஈர்க்குச்சியால் குடைந்து பார்த்தேன். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. வெறும் ஓட்டை. பல்லில் படிந்து கிடக்கும் இனிப்புதான் அதை அரித்து ஓட்டை போடுகிறது, அந்த ஓட்டை வழியே விஷம் வேருக்கு இறங்கிச் சீழாகிறது என்று விளக்கினார். சீழுக்கு வழி விடாமல் வெளியே சூட்டுக் களி கட்டிக்கொண்டு காத்திருந்ததுதான் எங்கள் பெரிய தப்பு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் வாய்க்குள்ளே கொப்பளித்தால் கொஞ்சம் சுகம் கிடைக்கும். ஆனால் அது வைத்தியம் ஆகாது. காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதாம். இனி ஒவ்வொரு கடிக்குப் பிறகும் வாய் கொப்பளிக்க வேண்டும், படுக்கும் முன்னும் பல் துலக்க வேண்டும் என்றார்.

மண்டிக்குத் திரும்பி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பளித்தால் நாக்கு வேலை செய்யுமா என்று அவருக்குச் சந்தேகம். ஏழு சிப்பங்களை என் முன் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் கொப்பளித்துவிட்டுக் கடித்தேன். ஐந்தாவதில் சுண்ணாம்பு கூடுதல் என்று சொன்னேன். என்னைச் சோதிக்க முதலாளி வேண்டுமென்றே வைத்திருந்த சுண்ணாம்புச் சரக்கு அதுதான்! கொப்பளித்த நாக்கு முன்னைவிடத் துல்லியமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து பதம் பார்க்கிற எல்லோர் பக்கத்திலும் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது.

அந்தத் தோணி அன்று காயல் வியாபாரியை விட்டுவிட்டே போய்விட்டது என்பது அடுத்த பருவத்தில்தான் தெரிந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவுடன் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் கறாராகப் பேரம் பேசினார்.

வேலை போய்விடும் என்று பயந்து உயிரையே விடப் பார்த்தேனே என்பது எனக்கு இன்றும் வெட்கம்தான். ஆனால் வீங்கிய கன்னத்தோடு யாரைக் கண்டாலும் வலியப் போய் அந்த வெட்கத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்டு ஒருவராவது அன்றைக்கே வண்டி ஏறட்டும் என்று.